குகையும் காட்டுயிரும்: சதுரகிரியா, அரிட்டாபட்டியா?

மதுரையிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் மலை, குகை, காட்டுயிர் மூன்றையும் பார்க்க வேண்டும் என்போரிடம் முதலில் அடிபடும் பெயர் சதுரகிரிதான். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியோ, 2024ஆம் ஆண்டின் டங்ஸ்டன் சுரங்க ஏலமும், அது 2025 ஜனவரியில் ரத்தாகும்வரை ஊர்மக்கள் நடத்திய போராட்டமும் செய்தியான பிறகே பலருக்குத் தெரியவந்தது.

பரப்பையும் பாதுகாப்பின் தகுதியையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தட்டில் நிற்காது. சதுரகிரி, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தக் காட்டில் யானை, சிறுத்தை, காட்டுமாடு முதல் அப்பகுதிக்கே பெயர் வாங்கித் தந்த சாம்பல் நிற அணில்வரை வாழ்கின்றன. அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து அதன் பரப்பு 193 ஹெக்டேர்தான்.

ஆனால் காட்டில் இருப்பது வேறு, நம் கண்ணில் படுவது வேறு. தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து சுந்தர மகாலிங்கம் சந்நிதிவரை ஏறவே பலருக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிவிடுவதாலும், வனத்துறை குறித்த நேரத்துக்குள் இறங்கியாக வேண்டியிருப்பதாலும், பாதையை விட்டு விலக அனுமதி இல்லாததாலும், நின்று பார்க்கும் பொறுமை யாருக்கும் வாய்ப்பதில்லை. அமாவாசைக் கூட்டத்தின் இரைச்சலில் அணில்கூட மரக்கிளையில் தங்காது. அங்குள்ள கோரக்கர் சித்தரின் குகையும் வழிபாட்டுக்குரியதே தவிர, வரலாற்றைப் படிப்பதற்கான இடமன்று. சாமி கும்பிடப் போகிறவருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை என்பது வேறு விஷயம். மழைக்காலத்தில் ஓடைகள் சட்டென்று பெருகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2015 மே மாதத் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர்.

அரிட்டாபட்டியில் நடை குறைவு. பார்ப்பதற்கு நேரம் மிஞ்சும். வெட்ட வெளியில் நிற்கும் மொட்டைப் பாறைகளில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகியவை வாழ்வதால், சாதாரண பைனாகுலர் ஒன்று இருந்தாலே விடியற்காலையில் அவை பாறை முகட்டைச் சுற்றி வட்டமிடுவதைக் கீழிருந்தபடியே பார்க்கலாம். தேவாங்கும் அழுங்கும் இங்குள்ளவையே என்றாலும் அவை இரவில் நடமாடுபவை; பகலில் வருகிறவர் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

குகையைப் பொறுத்தவரை போட்டிக்கே இடமில்லை. சமணத் துறவியர் தங்கிய குகைத்தளத்தின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாதபடி வெட்டிய காடியையும், ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துகளையும் காணலாம். நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் அந்தக் குகையை அமைத்துக் கொடுத்த செய்தியை அவை சொல்கின்றன. அதே மலைத்தொகுதியில் வட்டெழுத்துக் கல்வெட்டுடன் கூடிய தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பமும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் உருவம் கொண்ட பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருப்பதால், சமணமும் சைவமும் ஒரே பாறையில் அடுத்தடுத்து இடம் பிடித்த வரலாற்றை ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம்.

மூன்றாவதாக அழகர்மலையைச் சொல்வோரும் உண்டு. நூபுரகங்கைப் பாதையில் குரங்குகளுக்குக் குறைவில்லை. கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகைத்தளக் கல்வெட்டுகளோ மதுரையின் உப்பு வணிகர், பொன்கொல்லர், அறுவை (துணி) வணிகர் ஆகியோரைக் குறிப்பிடுகின்றன. அதற்காக மட்டும் போகலாம். காட்டுயிர் பார்க்க அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காடு எப்படியிருக்கும் என்று உடல் வருந்தி அறிய விரும்புவோர், அனுமதி நாள்களையும் நேரத்தையும் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு சதுரகிரிக்குச் செல்லட்டும். முதியோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வோருக்கு அரிட்டாபட்டியே பொருத்தம். அங்கே பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கும் என்பதால், முதலில் பறவைகளையும் பிறகு குகையையும் பார்த்துவிட்டு, குடைவரையைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. தண்ணீரை ஊரிலிருந்தே கொண்டுபோக வேண்டும். வல்லூறுகள் குஞ்சு பொரித்திருக்கும் காலத்தில் கூடுள்ள பாறைப் பக்கம் ஏறக் கூடாது.