ஸ்கூட்டர் கியர் பெட்டிக்கு 90 ஆயிலா, 10டபிள்யூ-30 ஆயிலா?

பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் பல மெக்கானிக் கடைகளில் ஸ்கூட்டருக்குக் கியர் ஆயில் மாற்றச் சொன்னால், மூலையில் இருக்கும் 90 எண் கியர் ஆயில் கேனைத்தான் எடுப்பார்கள். டிராக்டர் ஓடுகிற ஊர், அந்த ஆயில் எப்போதும் கையிருப்பில் இருக்கும். ஆனால் ஆக்டிவா மாதிரி வண்டியின் கையேட்டைத் திறந்தால், என்ஜினுக்கு ஊற்றுகிற அதே 10டபிள்யூ-30 தான் கியர் பெட்டிக்கும் போட்டிருக்கும்.

ஸ்பிளெண்டர் மாதிரி செயின் பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. அதில் கியரும் என்ஜின் ஆயிலிலேயே ஓடுகிறது. ஓசூரில் தயாராகும் ஐக்யூப் மின் ஸ்கூட்டரில் மோட்டார் பின்சக்கரத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அங்கேயும் இல்லை. பெட்ரோல் ஸ்கூட்டரில்தான் பெல்ட்டுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே தனியாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 110 சிசி வண்டிகளில் அது பிடிப்பது சுமார் 100 முதல் 130 மில்லி வரை, ஒரு டம்ளர்கூட வராது.

இந்த எண்கள் ஆயிலின் கெட்டியைக் குறிப்பவை. 90 என்றால் 10டபிள்யூ-30-இல் உள்ள 30-ஐப் போல மூன்று மடங்கு கெட்டி என்று நினைத்துவிட வேண்டாம். கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் அளவுகோலே வேறு. 100 டிகிரி சூட்டில் 30 என்ஜின் ஆயில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டியை அளக்கும் அலகு) வரை இருக்கும்; 90 கியர் ஆயில் 13.5-இல் தொடங்குகிறது. அதாவது 90 என்பது 40, 50 என்ஜின் ஆயில்களின் பக்கத்து வீடு. வண்டி சூடான பிறகு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. மார்கழி விடியலில் தேன்கனிக்கோட்டைக் குளிரில் கிளப்பும்போதுதான் கெட்டி ஆயில் இழுக்கும்.

கெட்டியைவிட முக்கியம், உள்ளே இருக்கும் பல்சக்கரம். ஸ்கூட்டரில் இருப்பவை சாய்பல் கியர்கள். பல்லோடு பல் உருண்டுபோகும், தேய்த்துக்கொண்டு வழுக்குவது குறைவு. அதற்கு 10டபிள்யூ-30 தாராளமாகப் போதும். செயினுக்குப் பதில் தண்டால் பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட் டிரைவ் வைத்த பெரிய பைக்குகளில் கதை தலைகீழ். அந்த ஹைபாய்டு கியர்களில் பல்லின் மேல் பல் அழுத்தி வழுக்குவதால், கந்தகம், பாஸ்பரஸ் கலந்த கியர் ஆயில்தான் வேண்டும். என்ஜின் ஆயில் ஊற்றினால் பல் சீக்கிரம் போய்விடும். கோல்டு விங், பிஎம்டபிள்யூ ஜிஎஸ் வைத்திருப்பவர்கள் இந்த ஒப்பீட்டைத் தங்கள் வண்டிக்கு எடுத்துக்கொள்ளவே கூடாது.

"90 ஊத்துனா சத்தம் குறையும் சார்" என்பார்கள். உண்மைதான், குறையும். எனக்குப் பயமே அங்கேதான். ஒகேனக்கலில் இருந்து பென்னாகரம் ஏறும்போதோ, பால் கேன் கட்டி ஓட்டும்போதோ பின்பக்கம் ஊளையிடுகிற சத்தம் வந்தால், பெரும்பாலும் பேரிங் தேய்கிறது. கெட்டி ஆயில் அந்தச் சத்தத்தை அமுக்கிவிடும், தேய்மானம் பாட்டுக்கு நடக்கும். புத்தகத்தில் 90 போட்டிருக்கிற வண்டிக்கு 90 ஊற்றுங்கள். 10டபிள்யூ-30 போட்டிருந்தால் அதையேதான். என்ஜினுக்கு ஊற்றியது போகக் கேனில் மிஞ்சிய புது ஆயிலே போதும். என்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலைத் திரும்ப ஊற்றுவது மட்டும் வேண்டாம்.

கடையில் மாற்றுவதா, வீட்டிலா? கை பழகியவர்களுக்கு வீடுதான் மேல் என்பேன், அவசரம் இருக்காது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சமதரையில் நடு ஸ்டாண்டு போடுங்கள். முதலில் ஊற்றுகிற போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்றால்தான் கீழ் போல்ட்டில் கை வைக்க வேண்டும். இறங்குகிற ஆயிலைக் கொஞ்சம் விரலில் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை என்றால் இயல்பான தேய்மானம். நெருடுகிற துகள் வந்தால் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊற்றுவதற்குப் பெரிய ஊசி சிரிஞ்சும் ஒரு சின்ன ட்யூபும் போதும். அளவுத் துளை உள்ள வண்டியில் துளையின் கீழ் விளிம்பு வரை. இல்லாத வண்டியில் புத்தகத்தில் உள்ள மில்லியை அளந்து. கூட ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய ஆயில் சீல் வழியாகக் கசிந்து பின் பிரேக் ஷூவில் இறங்கும், அல்லது பெல்ட் பக்கம் போகும். பிரேக் ஷூ நனைந்த வண்டியோடு தொப்பூர் கணவாயில் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும்.

பெட்டி அலுமினியம், அதனால் போல்ட்டை அளவாக முடுக்குங்கள். மரை போய்விட்டால் செலவு வேறு. வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். இறக்கிய ஆயிலை வாய்க்காலில் கொட்டாமல், பாட்டிலில் பிடித்து மெக்கானிக் கடையின் கழிவு ஆயில் டிரம்மில் ஊற்றிவிட்டு வாருங்கள்.