தேங்காயும் நான்கு இரும்பு முளைகளும்: நீரோட்டம் பார்த்த இருவரைப் பற்றி

மேலூர்ப் பக்கம் எங்களுக்குள்ள ஒன்றரை ஏக்கரில், பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத வருடங்களுக்காக ஆழ்துளைக் கிணறு போட முடிவு செய்து, முதலில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம்.

குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து வரப்போரமாக நடந்தார். கரையான் புற்றுக்கு அருகே அது சட்டென்று நிமிர்ந்து நின்றது. மெய்சிலிர்க்க வைக்கும் காட்சிதான். என் மைத்துனர் மட்டும், "அண்ணே, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவை நடங்க" என்று துண்டை நீட்ட, அவரும் கோபிக்காமல் நடந்தார். இம்முறை தேங்காய் நின்றது இருபது அடி தள்ளி. கண்ணைக் கட்டினால் சாமி இறங்காது என்றார். நீர் தேடுவோர் கையிலுள்ள குச்சி அசைவது, மனத்தின் எதிர்பார்ப்பு அவரறியாமலே தசையை இயக்குவதால்தான் என்று வில்லியம் கார்பென்டர் என்ற ஆங்கிலேய உடலியலாளர் 1852இலேயே விளக்கியிருக்கிறார். ஆனால் புற்றை அவர் தேர்ந்ததை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. கரையான் ஈரம் தேடும் பூச்சி. புற்றையும் மரங்களையும் நிலத்தடி நீரின் அடையாளங்களாக வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதையில் எழுதிவைத்தார். பல வருடப் பழக்கத்தில் கண் கண்டதை இவர் தேங்காயின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது என் ஊகம்.

அங்கே 320 அடி இறங்கியும் புழுதிதான் பறந்தது. வீட்டில் ஏதோ தீட்டு இருந்திருக்கும் என்றார்.

அடுத்து வந்த நிலவியலாளர் நான்கு இரும்பு முளைகளை ஒரே கோட்டில் அறைந்து, வெளி இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டார். வெளி முளைகளைத் தள்ளித் தள்ளி அறைய, அளவீடு ஆழத்துக்குப் போகிறது. நீர் நிறைந்த வெடிப்புள்ள பாறையில் மின்தடை குறைகிறது. 90 அடியில் ஒன்று, 240க்குக் கீழே ஒன்று என இரண்டு ஊற்றுகளை எழுதிக் கொடுத்தார். முதலாவது பொய்த்தது. மறுநாள் வந்து, துளையிலிருந்து வந்த மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தவர், "களிமண்ணுங்க; இதுவும் மின்சாரத்தைக் கடத்தும், ஏமாந்துட்டேன்" என்றார். தேங்காய்க்காரரிடம் நான் கேட்காத சொல் இது. இவரைப் பரிந்துரைக்க எனக்கு இதுவே போதும். 255 அடியில் தண்ணீர் வந்தது.

போர் லாரிக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டியபோது அவரும் கும்பிட்டார், நானும் கும்பிட்டேன். குறை என்றால், கட்டணம் தேங்காய்க்காரரைப் போல மூன்று மடங்கு. அறிக்கையும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், நிலத்துக்குச் சொந்தக்காரரான என் தந்தையாருக்கு நான் வரிவரியாகப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.