சம்பளத்தில் பிடிப்பதா, வேலையை நிறுத்துவதா? குடோனுக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசருக்கு ஓர் அலசல்

கேரளத்தில் கஞ்சிக்கோட்டிலிருந்து வாளையார் வரை, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் கே.ஜி.சாவடி, எட்டிமடை என்று ஹைவேயை ஒட்டி குடோன்கள் நிறைய. ஸ்டோர்ஸில் பில் எழுதிக்கொண்டிருந்த பையனை ஒருநாள் சூப்பர்வைசர் ஆக்குவார்கள். முதல் வாரமே மேனேஜர் ஒரு காகிதத்தை நீட்டுவார்: ஹெல்மெட், ஷூ, போர்க்லிப்ட் (சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி) வேகம், ராக்கில் ஏறக் கூடாது, இன்னபிற. "இனிமே இது உங்க பொறுப்பு." எப்படிச் செய்ய வைப்பது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

நடைமுறையில் வழிகள் நாலுதான். அபராதம் போடுவது, நயமாகப் பேசுவது, ஆட்களின் தலைவர் மூலம் போவது, தப்பு நடக்கும் இடத்திலேயே வேலையை நிறுத்துவது. இவற்றை நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன்: இது யார்மேல் செல்லும்? ஏனென்றால் வாளையார்ப் பக்கத்து லோடிங் டாக்கில், அதாவது லாரியில் சரக்கு ஏற்றி இறக்கும் பிளாட்பாரத்தில், ஒரே நேரத்தில் நாலு விதமான ஆட்கள் நிற்பார்கள். கம்பெனி ரோலில் உள்ள போர்க்லிப்ட் ஆபரேட்டர். காண்ட்ராக்டர் கூட்டிவந்த பீகார், ஒடிசாப் பையன்கள். கேரளச் சட்டப்படி 26ஏ கார்டு என்ற பதிவு அட்டை வைத்திருக்கும் யூனியன் சுமட்டுத் தொழிலாளிகள், அதாவது சுமை தூக்குகிறவர்கள். அப்புறம் சாயங்காலத்துக்குள் கிளம்பிவிடும் நாமக்கல் லாரி டிரைவர். இதில் முதல் ஆளுக்கு மட்டும்தான் நீங்கள் நிஜமாகவே மேலதிகாரி.

அபராதத்தைத்தான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். "ஹெல்மெட் இல்லையா, இருநூறு ரூபாய் கட்" என்பது கேட்க கறாராக இருக்கும். சட்டம் அவ்வளவு எளிதாக விடவில்லை. 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கும் கட்டுப்பாடுதான் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் (கோட் ஆன் வேஜஸ்) தொடர்கிறது. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும், அதை எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும், ஆளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் பிடிப்பது அந்தச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 15,000 ரூபாய் சம்பளக்காரரிடம் மாசம் முழுக்கச் சேர்த்தாலும் 450 ரூபாய். தவணை போட்டுப் பிடிக்கவும் முடியாது. பிடித்த காசு தொழிலாளர் நலனுக்குத்தான் போக வேண்டும், கம்பெனிக் கணக்குக்கு அல்ல. இத்தனையும் செய்யாமல் நோட்டில் எழுதிப் பிடிக்கிற சூப்பர்வைசர், விதியை அமல்படுத்தப் போய் தானே விதியை மீறுகிறார். ஷூவுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பளத்தில் கழிக்கிற பழக்கமும் சில இடங்களில் உண்டு, அதுவும் கூடாது.

சரி, எல்லாம் முறையாகச் செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அபராதம் யாரைத் தொடும்? கம்பெனி ஆபரேட்டரை. காண்ட்ராக்ட் பையனின் சம்பளம் காண்ட்ராக்டர் கையில். நலவாரியத் திட்டம் நடப்பில் இருக்கிற பகுதிகளில் சுமட்டுத் தொழிலாளியின் கூலி வாரியம் வழியே போகிறது. லாரி டிரைவர் உங்கள் கணக்கிலேயே இல்லை. ஆக, ஒழுங்காக வந்து போகிற ஆளுக்கு மட்டும் அடி விழும். கூடவே இன்னொன்றும் நடக்கும்: பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) சரிந்து கால் நசுங்காமல் தப்பினால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். சொன்னால் காசு போகும் என்று தெரிந்துவிட்டது அல்லவா.

அடுத்தது நயமாகப் பேசுவது. இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நேற்று வரை கூட டீ குடித்தவன் இன்று சூப்பர்வைசர் என்றால் பேச்சு வேண்டும்தான். நாலு பேரிடமும் செல்லும் என்பதும் உண்மை. ஆனால் செல்வது நீங்கள் அங்கே நிற்கிற வரைக்கும். ஆபீஸ் ரூமுக்குள் போனதும் ஹெல்மெட் சாக்கு மேல் ஏறிவிடும்.

தலைவர் மூலம் போவது கேரளப் பக்கத்தில் அபராதத்தைவிடப் பல மடங்கு பலன் தரும் வழி. புதிதாக வந்த கோயம்புத்தூர்ப் பையன் நேராக யூனியன் ஆளிடம் போய் "ஷூ எங்கே" என்றால், அன்றைக்கு லோடு இறங்குமா என்பதே சந்தேகம். அதே விஷயத்தைக் காலையில் லீடரிடம், "சேட்டா, நேத்து மூணாவது அடுக்குச் சாக்கு ஒருபக்கமா சாஞ்சிருந்தது, இன்னைக்கு ரெண்டு பேரு சேர்ந்து எடுக்கட்டுமே" என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் நடக்கும். அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் இருக்கிறது. சாக்கு அடுக்கின்மேல் வெறுங்காலோடு ஏறுகிறவர் சோம்பேறித்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. அந்த ஷூவில் பிளாஸ்டிக் சாக்கு வழுக்குகிறது. அங்கே விதியைப் பிடித்துத் தொங்குவதைவிட ஏறவே தேவையில்லாத உயரத்தில் அடுக்கச் சொல்வது மேல். ஒரு ஆள் தூக்கும் சுமைக்கு 55 கிலோதான் வரம்பு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே பரிந்துரைத்துவிட்டது. இதை லீடரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்த வழியின் குறை, கடன். லீடர் இன்று உங்களுக்காக ஒன்று செய்தால் நாளைக்கு நீங்கள் ஒன்றைக் கண்டும் காணாமல் விட வேண்டியிருக்கும். காண்ட்ராக்ட் மேஸ்திரியிடம் இது இன்னும் மோசம். அவருக்கு டன்னுக்கு இவ்வளவு என்றுதான் காசு; பையன் மெதுவாக வேலை செய்வதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

நாலாவது வழியைத்தான் நான் முன்னால் வைப்பேன், ஒரு நிபந்தனையோடு. எல்லா விதிக்கும் வேலையை நிறுத்தினால் மூன்றாம் நாள் உங்களை யாரும் மதிக்க மாட்டார்கள். ஆளைக் கொல்லக்கூடிய நாலைந்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்க்லிப்ட் முள்ளின்மேல் (சரக்கைத் தூக்கும் இரும்புக் கைகள்) ஆள் நின்று மேலே போவது. தூக்கிய சரக்குக்குக் கீழே நடப்பது. சீட் பெல்ட் இல்லாமல் ஓட்டுவது: 3 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 4 டன்னுக்கு மேல், அது சாயும்போது குதிக்கப் பார்க்கிறவர்தான் மேல்கூரைக் கம்பிக்கு அடியில் மாட்டுகிறார். போர்க்லிப்ட் உள்ளே இருக்கும்போதே லாரி நகர்வது. ஹெல்மெட் வார் போடாததற்கெல்லாம் பேச்சு போதும்.

லாரி விஷயம் இதற்கு நல்ல உதாரணம். டிரைவர் கேபினில் தூங்குகிறார். யாரோ தட்டும் சத்தம், லோடு முடிந்தது என்று நினைத்து வண்டியை எடுக்கிறார். லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே போர்க்லிப்ட் கீழே இறங்கிவிடும். இதற்கு அபராதமும் இல்லை, அறிவுரையும் இல்லை. டாக் நம்பர் எழுதிய ஆணியில் லாரிச் சாவி தொங்கினால்தான் முதல் பேலட் நகரும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை இருக்க வேண்டும், அவ்வளவுதான். "அண்ணே, சாவியைக் கொடுத்துட்டு ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க." டிரைவர் முனகுவார், ஆனால் கொடுப்பார், ஏனென்றால் கொடுக்காவிட்டால் தாமதம் அவருக்குத்தான். தமிழோ இந்தியோ தெலுங்கோ பேசட்டும், ஆணியில் சாவி இருக்கிறதா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும். நாலு விதமான ஆட்கள்மேலும் ஒரே மாதிரி செல்கிற வழி இது ஒன்றுதான். யார் சம்பளத்தையும் தொடவில்லை, யாரையும் அவமானப்படுத்தவில்லை.

முள்ளில் ஏறுவதற்கும் இதே கதை. நிறுத்தும் முன் ஒரு நல்ல ஏணியோ, கைப்பிடி உள்ள மேடையோ வாங்கி வைத்திருக்க வேண்டும். மேலே இருக்கும் பெட்டியை எடுக்க வேறு வழியே தராமல் "ஏறாதே" என்றால், நீங்கள் திரும்பியதும் ஏறத்தான் செய்வார்கள். குற்றம் அவர்களுடையது அல்ல.

இந்த வழி உடைகிற இடம் மாசக் கடைசி. முப்பதாம் தேதி ராத்திரி பில் போட்டாக வேண்டும், ஐந்து லாரி வரிசையில் நிற்கிறது, மேனேஜர் போனில் "இன்னைக்கு மட்டும் விட்டுடுப்பா" என்கிறார். ஒருமுறை விட்டால் அந்த ஆணி வெறும் ஆணிதான். அதனால் பொறுப்பேற்கிற முதல் வாரத்திலேயே, எந்த நாலு விஷயத்துக்கு நிறுத்தலாம் என்று மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்; ஒரு மின்னஞ்சல் போதும். அவர் எழுதித் தரத் தயங்கினால் இந்த வழியை எடுக்காதீர்கள். பாதியில் கைவிடுவதற்கு, லீடரைப் பிடித்துக்கொண்டு ஏணிக்கும் கட்டைக்கும் பட்ஜெட் கேட்டு நச்சரிப்பதே தேவலை.