எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனே ஏமாற்று வேலை என்று சொல்ல இதை எழுதவில்லை. 94 கிலோ இருந்த நான் இன்றைக்கு 66. சர்க்கரை மாத்திரையை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. இவ்வளவு நல்லது நடந்தும் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருப் பக்கம் போனால் எனக்கு வயிறு எரிகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரிகிறது. காரணம் பின்னால் வரும்.

எனக்கு 41 வயது, மதுரை. உயரம் 158 செ.மீ., அப்போது பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் கணக்கு, 37.7. கொள்ளுக் கஞ்சி, பேலியோ, விடியற்காலை வாக்கிங் எல்லாம் பார்த்தாகிவிட்டது. பத்து கிலோ குறையும், பன்னிரண்டாகத் திரும்பி வரும். மதினிதான் முகநூலில் வந்த விளம்பரத்தைக் காட்டினார். நம்பரைப் பதிந்த பத்தாவது நிமிடம் போன் வந்தது. "அக்கா, இந்த மாசம் முடியறதுக்குள்ள புக் பண்ணுனா ரெண்டே முக்கால் லட்சம்தான். அடுத்த மாசம் ரேட் ஏறுதுக்கா." பேசியவர் அந்த ஆஸ்பத்திரியின் கோஆர்டினேட்டர். பணம் கட்டும்வரை நான் அவருக்கு அக்கா, கட்டியதற்கு மறுநாளிலிருந்து மேடம். அந்த மாற்றத்தையாவது நான் கவனித்திருக்க வேண்டும்.

சர்ஜனைப் பார்த்தது ஏழு நிமிடம் இருக்கும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரைப்பையை ஒரு பை மாதிரி வரைந்து நடுவில் கோடு போட்டார். "முக்கால் பங்குக்கு மேல எடுத்துருவோம், வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய்தான் மிச்சம் இருக்கும்" என்றார். அதுதான் ஸ்லீவ் என்கிற ஆபரேஷன். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. எனக்கு ஐந்து வருடமாக நெஞ்செரிச்சல் உண்டு, தினமும் காலையில் பான்டோபிரசோல் போடுகிறேன் என்று சொன்னேன். "வெயிட் குறைஞ்சா அதுவும் போயிரும்மா" என்று எழுந்துவிட்டார். வாய்வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி எடுக்கவே இல்லை.

ஸ்லீவ் செய்தபின் சிலருக்கு நெஞ்செரிச்சல் கூடிவிடும். குழாய் குறுகலாக இருப்பதால் உள்ளே அழுத்தம் ஏறி அமிலம் மேலே வரும். ஏற்கனவே அந்தத் தொந்தரவு மோசமாக இருப்பவர்களுக்கு முதலில் எண்டோஸ்கோபி பார்த்து, பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னப் பையாக்கிக் குடலோடு இணைப்பது) பொருந்துமா என்று யோசிப்பார்கள். இதெல்லாம் எனக்கு வேறொரு வயிற்று டாக்டர் ஒரு வருடம் கழித்துச் சொன்னது. இப்போது நான் இரண்டு தலையணை வைத்து, பாதி உட்கார்ந்த மாதிரிதான் தூங்குகிறேன்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். "இன்சூரன்ஸ் கேஷ்லெஸ் கண்டிப்பா வரும்க்கா" என்று வாய்வார்த்தையாகத்தான் சொல்லியிருந்தார்கள். அட்மிட் ஆகி, கையில் ஊசி குத்திய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு இன்சூரன்ஸிலிருந்து நிராகரித்து மெயில் வந்தது. பாலிசிப் புத்தகத்தில் பார்த்தால் தெளிவாகவே இருக்கிறது: பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். இல்லையென்றால் 35க்கு மேல் இருந்து, கூடவே இதயநோய், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கடுமையான கோளாறு, மருந்துக்கு அடங்காத சர்க்கரை மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். என் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கிய சர்க்கரை. தினமும் இதையே பார்க்கிற கோஆர்டினேட்டருக்கு இது தெரியாதா? விடிந்ததும் என் வீட்டுக்காரர் நகையை அடகு வைக்க ஓடினார்.

கடைசி பில் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவிக்கான குண்டு பேக்கேஜில் மூன்றுதான் சேர்த்தியாம், எனக்கு ஆறு போட்டார்களாம். மயக்கத்தில் கிடந்தவள் எண்ணிப் பார்க்கவா முடியும்? ஐசியூவில் ஒரு ராத்திரி இருந்ததும் தனிக் கணக்கு.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்தது ஒரே ஒரு ஜெராக்ஸ் தாள். அதில் கிரீக் யோகர்ட், அவகாடோ, ப்ரோக்கோலி சூப். ஆரப்பாளையத்தில் அவகாடோவுக்கு எங்கே போவது? முப்பது நாளைக்கு ஒரு சத்து மாத்திரை, அவ்வளவுதான். மருந்து மூடியில் அளந்து, கால் மணிக்கு ஒரு முறை தண்ணீர் குடித்து இரண்டு வாரத்தை ஓட்டினேன். ஐந்தாவது வாரம் குழைந்த சோற்றுக்கு மாறியதும் வாந்தி ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. கோஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீல டிக் விழும். மூன்று நாள் கழித்து, "நல்லா மென்னு சாப்பிடுங்க மேடம்." அப்புறம் அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பத்தாவது வாரம் பெரியார் நிலையத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறேன். பின்னால் வந்த ஒரு பாட்டி, "ஏத்தா, ஒத்தச் செருப்போட போற?" என்றார். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் தார் சுட்டதும் தெரியவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பக்கத்து கிளினிக்கில் பலவீனம் என்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் எழுந்து நிற்கவே தள்ளாடியது. அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நரம்பு டாக்டர் முதலில் கேட்டதே, "பி1 போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்துனாங்களா?" என்றுதான். பி1 என்கிற தயமின் வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்குமாம். சாப்பாடும் உள்ளே போகாமல் வாந்தியும் நிற்காவிட்டால் நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சமும் செலவாகி மூளைவரை பாதிக்கலாம். பி1 ஊசி போட்டு ஒரு வாரத்தில் நடந்துவிட்டேன். இடது கால் கட்டைவிரல் மட்டும் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. இந்த ஆபரேஷன் செய்துகொண்டு விடாமல் வாந்தி எடுப்பவர்கள் எந்த கிளினிக் போனாலும், ஆபரேஷன் செய்ததைச் சொல்லி, முதலில் பி1 என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வாந்திக்குக் காரணம் குழாய் நடுவில் சுருங்கியிருந்தது. பலூன் வைத்து விரித்தார்கள். அதைச் செய்த டாக்டர், முதல் ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்று சர்ஜன் எழுதும் ஆபரேஷன் குறிப்பைக் கேட்டார். என் டிஸ்சார்ஜ் தாளில் ஒரே வரிதான் இருந்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியில் கேட்டால் இன்று, நாளை என்று இழுத்தார்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-இல் வந்த மருத்துவக் கவுன்சில் விதியே இருக்கிறது. எழுத்தில் கேட்டு, நகலில் சீல் வாங்கினேன். அப்படியும் வந்தது பில் நகல் மட்டும்தான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு, வக்கீல் மனு தயார் செய்கிறார்.

செய்துகொள்ளப் போகிறவர்கள் கேஷ்லெஸ் அனுமதியை எழுத்தில் பார்த்துவிட்டு அட்மிட் ஆகுங்கள். பேக்கேஜில் சேராதது எது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து வாந்தி வந்தால் போனை எடுக்கப்போவது யார், அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எல்லாம் ஆயுசுக்கும் உண்டு, வருடா வருடம் ரத்தப் பரிசோதனையும் உண்டு. இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது என்பதைக்கூட நான் மருந்துக்கடைத் தம்பியிடம்தான் தெரிந்துகொண்டேன்.

போன மாதம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போனில் ஒரு புதுக் குரல். "அக்கா, உங்க ரிசல்ட் சூப்பரா இருக்குன்னு சொன்னாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி, பின்னாடி போட்டோ அனுப்புறீங்களா? பேஜ்ல போடணும்." அனுப்புகிறேன், முதலில் என் ஆபரேஷன் குறிப்பை அனுப்புங்கள் என்றேன். "கேட்டுச் சொல்றேன் மேடம்" என்று வைத்தவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.