வியன்னா என்னும் எதிரி: ஹங்கேரிய வரலாற்றுப் படங்கள், ஓர் ஒப்பீடு

விக்டர் ஓர்பான் பிரதமராக இருந்த காலத்தில் ஹங்கேரிய அரசின் நிதியுதவியோடு வந்த வரலாற்றுப் படங்களில் இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம்: லாயோஷ் கோல்தாய் இயக்கிய ‘செம்மல்வைஸ்’ (2023), பாலாஜ் லோத் இயக்கிய ‘இப்போது இல்லையேல் எப்போதுமில்லை’ (2024). இரண்டிலும் நாயகன் உண்மையில் வாழ்ந்த ஹங்கேரியர். எதிரே நிற்பது, அன்று ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் தலைநகரான வியன்னா. நேர்மையான மக்கள் ஒருபுறம், அவர்களை வஞ்சிக்கும் அந்நிய மேலிடம் மறுபுறம் என்று பிரித்துக் காட்டும் வெகுஜனவாத அரசியலுக்கு இது தோதான கதையமைப்பு. ஓர்பானின் தேசிய நாள் உரைகளிலும் அன்றைய வியன்னாவின் இடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான இன்றைய பிரஸ்ஸல்ஸ் திரும்பத் திரும்ப வந்தது.

ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு உடன்பாடில்லை. ‘செம்மல்வைஸ்’ படத்தின் நாயகன் ஹங்கேரிய மருத்துவர் செம்மல்வைஸ். அவர் பணியாற்றிய வியன்னா பொது மருத்துவமனையின் முதல் மகப்பேறு பிரிவில் 1847 ஏப்ரலில் பிரசவித்த தாய்மாரில் ஏறக்குறைய 18 சதவீதம் பேர் இறந்தனர். பிணவறையிலிருந்து வரும் மருத்துவர்கள் அவர் சொன்னபடி குளோரின் கரைசலில் கை கழுவத் தொடங்கியபின், ஜூனில் அது சுமார் 2 சதவீதமாகச் சரிந்தது. இங்கே மோதல் சான்றுக்கும் அகந்தைக்கும் இடையிலானது. அவரை எதிர்த்த பிரிவுத் தலைவர் பேராசிரியர் கிளைன் எந்த நாட்டவராக இருந்திருந்தாலும் கதை நிற்கும். வியன்னாவிலேயே ஸ்கோடா, ஹெப்ரா, ரோகிடான்ஸ்கி போன்ற பெரும் மருத்துவர்கள் செம்மல்வைஸின் பக்கம் நின்றதை அறிந்தவர், இதைத் தனித்த ஹங்கேரியர் ஒருவருக்கும் பகைத்த வியன்னாவுக்கும் நடந்த போராக மட்டும் வாசிக்க மாட்டார்.

கவிஞர் பெட்டோஃபியை நாயகனாகக் கொண்ட ‘இப்போது இல்லையேல் எப்போதுமில்லை’ படத்தில்தான் சிக்கல் ஆழமானது. ஹங்கேரியப் புரட்சி தொடங்கிய 1848 மார்ச் 15 அன்று பில்வாக்ஸ் காப்பிக் கடையிலிருந்து புறப்பட்ட இளைஞர்கள், லாண்டரரின் அச்சகத்தைக் கைப்பற்றி, தணிக்கையாளரின் அனுமதியின்றிப் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சிட்டார்கள். மழையில் கூடிய கூட்டம் அன்று மாலையே புடா சிறையிலிருந்த எழுத்தாளர் டான்சிச்சை விடுவித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தானே இழுத்து வந்தது. இரத்தம் சிந்தாத வெற்றி அது. படமோ பெட்டோஃபியைக் கொல்ல வரும் ஒரு ஹாப்ஸ்பர்க் உளவாளியைக் கற்பனையாகப் புகுத்தி, அந்த நாளைத் துரத்தலும் சண்டையுமாக மாற்றுகிறது. இதனால் இழப்பு மக்களுக்கே: ஒரு கூட்டம் துணிந்து சாதித்தது, ஒரு நாயகன் ஒரு வில்லனை வெல்லும் கதையாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பன்னிரண்டில் முதல் கோரிக்கையே பத்திரிகைச் சுதந்திரமும் தணிக்கை ஒழிப்பும் என்பதையும் பார்வையாளர்கள் மறக்கக் கூடாது.

இவற்றுக்கு மாற்றாக, அரசு நிதி இல்லாமல் காபோர் ரெய்ஸ் எடுத்த ‘எல்லாவற்றுக்கும் விளக்கம்’ (2023) வரலாற்றுப் படமன்று. வெனிஸ் திரைப்பட விழாவின் ஒரிசோன்டி பிரிவில் சிறந்த படமாகத் தேர்வானது. மார்ச் 15க்காகக் குத்திய தேசிய மூவண்ணச் சின்னத்தைக் கழற்ற மறந்து வரலாற்றுத் தேர்வுக்குப் போன மாணவன் தோற்கிறான். தேசப்பற்றுக்காகவே தண்டிக்கப்பட்டான் என்ற பேச்சு பத்திரிகைச் செய்தியாகி நாட்டையே பிளக்கிறது. ஒரு சின்னம் மக்களை எப்படி இரண்டாக்குகிறது என்பதை முதலிரண்டைவிடத் தெளிவாக உணர்த்துவதால், மூன்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருப்பவருக்கு நான் இதையே பரிந்துரைப்பேன், அடுத்தது ‘செம்மல்வைஸ்’.