கோலத்துக்குப் புது வடிவம்: தாவரவியல் பூங்காவா, கொல்லைப்புறமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எனக்கு, கோலத்துக்குப் புது வடிவம் தேட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டர்பன் தாவரவியல் பூங்கா, இன்னொன்று எங்கள் வீட்டுக் கொல்லை.

பூங்கா 1849-இல் தொடங்கியது. பார்க்க ஈச்சமரம் போலிருக்கும் ஒரு சைக்காட் மரம் அங்கே நிற்கிறது. 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் தென்னாப்பிரிக்காவின் ஓங்கோயே காட்டில் கண்ட இனம் அது. ஆண் மரம் மட்டும்தான். பெண் மரம் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. அதன் முன்னால் நின்றால் மனசு கனத்துப் போகும். ஆனால் போய்வர அரைநாள் ஆகும். பார்த்த பிரமிப்பில் கையும் ஓடாது.

கொல்லையில் கதையே வேறு. பொழுது விடியும்போதே ஹடீடா பறவைகள் கத்தி எழுப்பிவிடும். தேநீரோடு கறிவேப்பிலை மரத்தடிக்குப் போவேன். போன வாரம் ஒரு கொத்தைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். காம்பின் இருபுறமும் இலைகள் நேருக்கு நேர் இல்லை. ஒன்று இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி அடுத்தது அந்தப் பக்கம். இத்தனை வருஷம் தாளித்தும் இதைக் கவனித்ததில்லை! அன்றைக்கே புள்ளிகளை மாற்றி மாற்றி வைத்து, நடுவே ஒரு வளைகோடு இழுத்தேன். வாசலே புதுசாகிவிட்டது.

வருஷத்துக்கு இரண்டு முறை பூங்கா போதும், அதுவும் பிள்ளைகளோடு. தினசரிக் கோலத்துக்கு என் ஓட்டு கொல்லைக்குத்தான். அடுத்து முருங்கை இலையைப் பார்க்க வேண்டும். அதில் கிளைக்குள் கிளை இருக்கிறது.