வயதாகிவிட்ட குவார்ட்டர்பேக்: வைத்துக்கொள்வதா, வழியனுப்புவதா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, எதிரணியின் தடுப்பு எப்படி நகர்கிறது என்று இரண்டு மூன்று நொடிக்குள் கணித்து, யாருக்கு வீசுவது என்று முடிவெடுப்பவர். அணி தாக்கும்போதெல்லாம் பந்து அவர் கை வழியாகத்தான் போகும். கிரிக்கெட்டில் வயதான பேட்ஸ்மேனை ஏழாவது எட்டாவது இடத்தில் இறக்கி இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிடலாம். குவார்ட்டர்பேக்கை அப்படி ஒளித்துவைக்க மைதானத்தில் இடமே கிடையாது.

அதனால் 36, 37 வயதை எட்டிய நட்சத்திரம் ஒருவரை வைத்திருக்கும் எந்த அணிக்கும் இந்தத் தலைவலி வந்தே தீரும். ரசிகர்கள் வழக்கமாகக் கேட்பது, ‘அவரிடம் இன்னும் சரக்கு இருக்கிறதா?’ என்பதுதான். அந்தக் கேள்வியால் பயனில்லை என்று நினைக்கிறேன். பெரும்பாலும் சரக்கு இருக்கத்தான் செய்கிறது. ஜோ மான்டானாவை 1993இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ers அணி கன்சாஸ் சிட்டி அணிக்கு அனுப்பியது. அவர் முதல் வருடமே புது அணியை, லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான ஏஎஃப்சியின் இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். அதனால் சான் ஃபிரான்சிஸ்கோ செய்தது தப்பாகிவிட்டதா? இல்லை. அங்கே ஸ்டீவ் யங் 1987இலிருந்தே காத்திருந்தார், 1992இல் சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் வாங்கிவிட்டார், 1995 ஜனவரியில் ஆறு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) வீசி, லீக்கின் இறுதிக் கோப்பையான சூப்பர் பவுலையும் வென்றார். கேட்க வேண்டியது வயதானவரைப் பற்றி அல்ல. அடுத்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு நான்கு அணிகள் நான்கு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன. அதற்கு முன் பணக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரியாமல் மற்றது புரியாது.

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணியின் சம்பளச் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023இல் அது 22 கோடியே 48 லட்சம் டாலர். அணியில் உள்ள 53 பேருக்கும் அதற்குள் பங்கு போட வேண்டும். நட்சத்திரத்துக்கு அள்ளிக் கொடுத்தால் அவரைக் காக்கும் தடுப்பு வரிசைக்கும், அவர் வீசுவதைப் பிடிப்பவர்களுக்கும் குறையும். இன்னொரு பக்கம், 2011இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தை இறுக்கிப் பிடித்துவிட்டது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்; 2010 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபர்டுக்கு உத்தரவாதத் தொகையே 5 கோடி டாலர். அடுத்த வருடம் அதே முதல் இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கும் சேர்த்தே சுமார் 2 கோடியே 20 லட்சம். ஆக, தேறக்கூடிய இளைஞர் ஒருவர் கிடைத்தால் நான்கு வருடத்துக்கு மலிவு. மிச்சப் பணத்தில் மற்ற பத்துப் பேரைப் பலப்படுத்தலாம்.

க்ரீன் பே: முன்னாலேயே ஆள் எடுத்துவைப்பது

க்ரீன் பே பேக்கர்ஸ் இதை ஒருமுறை அல்ல, இரண்டு முறை செய்தது. பிரெட் ஃபார்வ் 1992இல் வந்தவர். 1995, 96, 97 என மூன்று வருடம் தொடர்ந்து எம்விபி, மூன்றாவதைப் பேரி சாண்டர்ஸோடு பகிர்ந்துகொண்டார். ஒரு சூப்பர் பவுல் வெற்றி. அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 253 லீக் ஆட்டங்களில் தொடக்கக்காரர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் குவார்ட்டர்பேக். 2005 டிராஃப்டில் ஏரன் ராஜர்ஸ் யாரும் எதிர்பாராமல் 24ஆவது இடம்வரை சரிந்து வந்தபோது பொது மேலாளர் டெட் தாம்ப்சன் அவரை எடுத்துக்கொண்டார். ஃபார்வுக்கு அப்போது 35 வயது. ராஜர்ஸ் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

2007 சீசனில் ஃபார்வ் தளர்ந்தவராகத் தெரியவேயில்லை. அணி 13–3, அதாவது 13 வெற்றி, 3 தோல்வி. லீக்கின் இன்னொரு பிரிவான என்எஃப்சியின் இறுதிப் போட்டியில், உறையும் குளிரில், ஓவர்டைமில் அவர் வீசிய பந்து எதிரணியின் கையில் போய் விழுந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் வென்றது. 2008 மார்ச்சில் கண்ணீரோடு ஓய்வை அறிவித்தார். கோடையில் மனம் மாறித் திரும்பி வருகிறேன் என்றார். ராஜர்ஸ்தான் இனி எங்கள் ஆள் என்று அணி சொல்லிவிட்டது. ஆகஸ்ட்டில் ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு அனுப்பினார்கள்.

ராஜர்ஸின் முதல் வருடம் 6–10. ஊரே கொதித்தது. அடுத்த வருடம் ஃபார்வ் பரம எதிரியான மினசோட்டா வைக்கிங்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு, 40 வயதில் 33 டச்டவுன், வெறும் 7 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) என்று ஆடி, க்ரீன் பேயை இரண்டு முறையும் தோற்கடித்தார். அன்றைக்கு க்ரீன் பேயில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் தாம்ப்சன் கட்டுத்தொகையை இழந்திருப்பார். அதற்கு அடுத்த சீசனில் ஃபார்வின் ஆட்டம் சரிந்து முடிந்தது. 2011 பிப்ரவரியில் ராஜர்ஸ் சூப்பர் பவுல் வென்றார். இந்த முடிவை இரண்டாம் வருடத்தில் மதிப்பிட்டிருந்தால் படுதோல்வி. மூன்றாம் வருடத்தில் மதிப்பிட்டால் மேதைமை.

இரண்டாவது முறை இன்னும் சிக்கலானது, அதனால் எனக்கு அதுதான் சுவாரஸ்யம். 2019இல் அணி 13–3 என முடித்து என்எஃப்சி இறுதிவரை போயிருந்தது. 2020 டிராஃப்டில் ராஜர்ஸுக்கு ஒரு நல்ல ரிசீவர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) கிடைப்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பொது மேலாளர் பிரையன் குட்டகுன்ஸ்ட் 30ஆவது இடத்திலிருந்து 26க்கு ஏறிப்போய் ஜோர்டன் லவ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார். ராஜர்ஸ் தன் பதிலை மைதானத்தில் சொன்னார்: 2020, 2021 இரண்டு வருடமும் எம்விபி. ஆனால் 2020 சீசனின் என்எஃப்சி இறுதியில், சொந்த மைதானத்தில், தம்பா பேயிடம் 26–31 என்று தோற்றார்கள். ஐந்தே புள்ளி வித்தியாசம். அந்த 26ஆவது இடத்தில் உடனே களமிறங்கக்கூடிய ஒருவரை எடுத்திருந்தால் என்ற கேள்வி க்ரீன் பே இருக்கும் விஸ்கான்சின் மாநிலத்தில் இன்னும் அடங்கவில்லை. அது நியாயமான கேள்விதான். வாரிசை எடுத்துவைப்பதற்கு விலை உண்டு, அந்த விலை ஒரு கோப்பையாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு விலையும் உண்டு. அதைப் பேசுபவர்கள் குறைவு. லவ் பெஞ்சில் உட்கார்ந்த மூன்று வருடமும் அவருடைய மலிவு ஒப்பந்தத்தின் வருடங்கள். 2023இல் தொடக்கக்காரரானார், 2024 ஜூலையில் நான்கு வருடத்துக்கு 22 கோடி டாலர் ஒப்பந்தம் போட வேண்டியதாகிவிட்டது. முழுச் சீசனும் மலிவாக ஆடியது ஒரே ஒரு வருடம். இதற்கிடையே 2022 மார்ச்சில் ராஜர்ஸுக்குச் சுமார் 15 கோடிக்குப் புது ஒப்பந்தம் வேறு கொடுத்திருந்தார்கள். வாரிசைக் கையில் வைத்துக்கொண்டே பெரியவருக்கும் சாவியைத் திரும்பக் கொடுத்தது எனக்குப் புரியவே இல்லை. அந்தச் சீசன் 8–9. 2023 ஏப்ரலில் ராஜர்ஸும் ஜெட்ஸுக்கே போனார். ஒப்பந்தம் போடும்போது கொடுக்கும் போனஸைக் கணக்கில் ஐந்து வருடம்வரை பரப்பி எழுதலாம். ஆளை முன்னதாக அனுப்பினால் மீதி முழுவதும் ஒரேயடியாக வந்து விழும். அப்படி அந்த வருடம் ஆடாத ஆளுக்காக க்ரீன் பே சுமந்தது சுமார் 4 கோடி டாலர்.

அப்படியிருந்தும் லவ் முதல் வருடமே ப்ளே-ஆஃபில் டல்லஸை அதன் சொந்த மைதானத்தில் 48–32 என்று சாய்த்தார். ராஜர்ஸ் ஜெட்ஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்தின் நான்காவது பந்திலேயே குதிகால் தசைநார் அறுந்து வெளியேறினார். 39 வயது. அது துரதிர்ஷ்டம்தான், அதை வைத்து க்ரீன் பேக்கு மதிப்பெண் போட மாட்டேன். டல்லஸ் ஆட்டத்துக்குப் போடுவேன்.

இண்டியானாபொலிஸ்: விழுந்த வருடத்தைப் பயன்படுத்துவது

கோல்ட்ஸ் அணியின் கதை வேறு. பேட்டன் மேனிங் 1998இலிருந்து அங்கே, நான்கு எம்விபி, ஒரு சூப்பர் பவுல். கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் 2011 முழுவதும் ஆடவில்லை. அணி 2–14 என்று தரைமட்டமானது. அந்தத் தோல்விக்குப் பரிசாக டிராஃப்டின் முதல் இடம் கிடைத்தது. அந்த வருடம் ஆண்ட்ரூ லக் இருந்தார், பல வருடத்துக்கு ஒருமுறை வரும் ரகம். மேனிங்கை வைத்துக்கொள்வதென்றால் மார்ச்சில் 2 கோடியே 80 லட்சம் டாலர் போனஸ் தர வேண்டும். லக்கின் நான்கு வருட ஒப்பந்தம் முழுவதையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. உரிமையாளர் ஜிம் அர்சேயும் மேனிங்கும் ஒரே மேடையில் கலங்கிய குரலில் பிரிவை அறிவித்தார்கள்.

டென்வரில் மேனிங் செய்ததைச் சொல்லித் தீராது: 2013இல் 55 டச்டவுன், 5,477 யார்டு, இரண்டு முறை சூப்பர் பவுல், இரண்டாவது முறை வெற்றி. வெற்றிபெற்ற 2015 சீசனில் அவருடைய எண்கள் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கோப்பையை வென்றது டென்வரின் தடுப்பாட்டம். இங்கே லக் முதல் மூன்று வருடமும் 11–5. அப்புறம் அடிமேல் அடி. 2017இல் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2019 ஆகஸ்ட்டில், 29 வயதில், ஓய்வு. பல பேர் இதைக் காட்டி கோல்ட்ஸ் தப்பு செய்தது என்பார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 2012இல் எடுத்த முடிவு சரி. முதல் சில வருடங்கள் லக்குக்கு முன்னால் நல்ல தடுப்பு வரிசை கட்டாமல் விட்டதுதான் தப்பு. மலிவுக் குவார்ட்டர்பேக்கால் மிஞ்சும் பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டுமோ, அதற்குச் செலவழிக்கவில்லை.

ஆனால் இந்த வழியைத் திட்டமிட்டுப் பின்பற்ற முடியாது. நட்சத்திரம் காயப்பட வேண்டும், அணி கடைசியில் வர வேண்டும், அதே வருடம் லக் மாதிரி ஒருவர் கல்லூரியிலிருந்து வர வேண்டும்.

பிட்ஸ்பர்க்: கடைசிவரை உடனிருப்பது

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் பென் ராத்லிஸ்பர்கர் இரண்டு சூப்பர் பவுல் வென்றவர். 2019இல் முழங்கை போனது, இரண்டாவது ஆட்டத்தோடு சீசன் முடிந்தது. 37 வயது. எச்சரிக்கை மணி இதைவிடச் சத்தமாக அடிக்காது. ஸ்டீலர்ஸ் என்ன செய்தது? அந்த மாதமே அடுத்த வருட டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பை மயாமிக்குக் கொடுத்து, மிங்கா ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தடுப்பாட்டக்காரரை வாங்கியது. அருமையான ஆட்டக்காரர்தான், சந்தேகமில்லை. 2020 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் 49ஆவதாக ஒரு ரிசீவரை எடுத்தது. நான்கு இடம் தள்ளி, 53ஆவதாக, ஃபிலடெல்ஃபியா ஜேலன் ஹர்ட்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. பிட்ஸ்பர்க் ரசிகர்களிடம் இந்த இரண்டு எண்களையும் ஒரே மூச்சில் சொல்லாமலிருப்பது நல்லது.

2020இல் 11–0 என்று தொடங்கி, கடைசியில் கிளீவ்லண்டிடம் சொந்த மண்ணில் 37–48 என்று தோற்றார்கள். 2021இல் ராத்லிஸ்பர்கர் சம்பளத்தில் 50 லட்சம் டாலரை விட்டுக்கொடுத்து மறுபடி வந்தார். 9–7–1 (கடைசி எண் சமன்), முதல் ப்ளே-ஆஃப் ஆட்டத்திலேயே வெளியே. மரியாதையான பிரிவு, சொந்த ஊரின் கைதட்டல், எல்லாம் சரி. அந்த இரண்டு வருட ஆட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள ஒருவரை வைக்காததைத்தான் சொல்கிறேன். 2022இல் அவசரமாக 20ஆவது இடத்தில் கென்னி பிக்கெட்; இரண்டே சீசனில் அவரும் கைமாறினார். அப்புறம் ரஸல் வில்சன், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ். 2025 ஜூனில் 41 வயது ஏரன் ராஜர்ஸ். தன் வீட்டுப் பெரியவருக்கு மாற்று தேடாத அணி, அடுத்த வீட்டுப் பெரியவரைக் கூட்டிவந்தது.

நியூ இங்கிலாந்து: போக விட்டது, ஆனால் ஆள் இல்லை

பேட்ரியட்ஸ் இதில் தனி ரகம். அவர்களிடம் வாரிசு இருந்தார். 2014இல் இரண்டாம் சுற்றில் எடுத்த ஜிம்மி கரோப்பலோ. 2017 அக்டோபர் கடைசியில் அவரை 49ersக்கு ஒரு இரண்டாம் சுற்று வாய்ப்புக்கு விற்றார்கள். அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்கு அப்போது 40 வயது, ஆனால் அந்த வருட எம்விபி அவர்தான். 2019 பிப்ரவரியில் ஆறாவது பட்டமும் வந்தது. அதனால் அந்த விற்பனையைத் தவறு என்று சொல்ல வாய் வராது. தவறு அதற்குப் பிறகு நடந்தது. 2018இல் ஏழாம் சுற்றில் ஒருவர், 2019இல் நான்காம் சுற்றில் ஒருவர், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் பிரேடி வெளியேறினார். அடுத்த மாத டிராஃப்டில் ஒரு குவார்ட்டர்பேக்கைக்கூட எடுக்கவில்லை. கோடையில் கேம் நியூட்டனை ஒரு வருடத்துக்குப் பிடித்தார்கள், 7–9. பிரேடி 43 வயதில் தம்பா பேக்கு சூப்பர் பவுல் வென்றுகொடுத்தார்.

தரவரிசை கேட்டால் க்ரீன் பே வழிதான் எனக்கு முதல். ஒரு கோப்பையும் மூன்று மலிவு வருடங்களும் போனாலும்கூட. நட்சத்திரத்துக்கு 35 ஆனதும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட வேண்டும். இரண்டாம் வருட முடிவில் அவர் தேறுவாரா என்று தெரிந்துவிடும். தேறினால் பெரியவருக்குப் புது ஒப்பந்தம் கூடாது. கோல்ட்ஸ் வழி கிடைத்தால் விடக் கூடாது, ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. பிட்ஸ்பர்க் மூன்றாவது. அங்கே குறைந்தபட்சம் கடைசி இரண்டு வருடமும் ப்ளே-ஆஃப் பார்த்தார்கள். நியூ இங்கிலாந்து கடைசி, பிரேடி தம்பாவில் வென்றதால் அல்ல. அவர் அங்கே போய் உட்கார்ந்து ஒரு பந்துகூட வீசாமல் இருந்திருந்தாலும் என் வரிசை இதுவேதான். ஆள் இல்லாமல் இடத்தைக் காலிசெய்தார்கள். அடுத்த குவார்ட்டர்பேக்கான மேக் ஜோன்ஸும் நிலைக்காமல், 2023இல் 4–13 என்று முடிந்து, 2024 ஜனவரியில் பயிற்சியாளர் பில் பெலிசெக்கும் வெளியேறினார்.